ரொட்டிக் குழியும் காகித ஓடையும்

சிரியாக்கோ உருத்திகோச்சேயா செத்துப்போன வாரம், அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். உட்கார்ந்து யோசித்ததில் மூன்றுதான் தேறியது: நன்றாக ரொட்டி சுடுவான். மீதியை நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். நல்லதா கெட்டதா என்று படிக்கிறவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.

நானும் அவனும் ஒரே கப்பலில் வந்தவர்கள். பாஸ்க் நாட்டுக் கடற்கரையில் ஒரே மீன்பிடி ஊர். ஆரிகன் மேட்டுப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஆள் பிடிக்க வந்தவன் சிரியாக்கோவைப் பார்த்து, ஆடு மேய்த்த பழக்கம் உண்டா என்று கேட்டான்.

"பழக்கமா? நான் பொறந்ததே ஆட்டுப்பட்டியிலதான் சார்" என்றான் இவன்.

இவன் பிறந்தது மீன் வலைக்கும் தார் டப்பாவுக்கும் நடுவில். அதுவரை ஆட்டை இவன் கிட்டத்தில் பார்த்தது சாப்பாட்டுத் தட்டில்தான்.

இந்த மேட்டில் ஆயிரம் செம்மறியை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டோம். வெள்ளை மந்தையில் நூற்றுக்கு ஒன்று என்று கறுப்பு ஆடு விட்டிருக்கும். கறுப்பு பத்தும் கண்ணில் பட்டால் மந்தை முழுசாக இருக்கிறது என்று கணக்கு. ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு கூட்டம் பிரிந்து போயிருக்கிறது, தேடிப் போக வேண்டும். இதை சிரியாக்கோவுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் வாரமே முதலாளி குதிரையில் வந்து, கறுப்பு பத்தும் இருக்கிறதா என்று கேட்டார். "பத்தும் பத்திரமா இருக்கு முதலாளி" என்று கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினான். பத்தையும் கயிறு போட்டுப் புதரில் கட்டி வைத்திருந்தான். வெள்ளையில் முந்நூறு பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிருந்தது. முதலாளி துப்பாக்கியைக் கையில் எடுத்தார். வேறு ஆள் கிடைக்காது என்பது ஞாபகம் வந்து கீழே வைத்தார்.

என் வேலை வேறு. பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டு கோவேறு கழுதை மேல் மாவு, பீன்ஸ், பூண்டு, தோல்பையில் ஒயின் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஒவைஹீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்போடு ஒவ்வொரு மேய்ப்பனுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆயிரம் அடிக்குக் கீழே ஆறு ஓடும். மேலே காற்றும் சாம்பல் நிறப் புதரும்தான். பத்து நாள் மனிதக் குரல் கேட்காமல் இருக்கிறவன் கொஞ்சம் கழன்றுதான் போவான். சிலர் நாயோடு சண்டை போடுவார்கள். சிரியாக்கோ கல்மனிதன் கட்டினான். எல்லா மேய்ப்பனும் ஒன்றிரண்டு கட்டுகிறதுதான், இவன் முப்பத்தொன்று கட்டினான். ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கல்லை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனக்குப் பிடிக்காத ஒருத்தர் பெயரை வைத்தான். ஒன்று சொத்தைப் பிடுங்கிக்கொண்ட சித்தப்பா. ஒன்று எங்கள் ஊர்ப் பாதிரியார். பதினெட்டாவது நான். மாவு கொண்டுவர இரண்டு நாள் தாமதம் என்று.

பிடிக்காதவர்களில் முதல் ஆள் வெர்ன் டட்டில். அவனுக்கு மட்டும் சிலை கட்டவில்லை, கல்லுக்கு அவமானம் என்றான். டட்டில் மாட்டுப் பண்ணைக்காரன். பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் காய்ந்த நிலம் வைத்திருந்தான். நாங்கள் யாராக இருந்தாலும் அவனுக்கு "ஏ ஆட்டுக்காரா"தான். பதினாலு வருஷத்தில் ஒருநாள் கூட அவன் வாயில் சிரியாக்கோவின் பெயர் வந்ததில்லை.

"அவன் நாய்க்குப் பேரு இருக்குடா. டியூக். அத மட்டும் சரியாக் கூப்பிடறான்" என்பான் சிரியாக்கோ. இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் கிண்டல் இருக்காது.

கூலியைப் பணமாக வாங்காமல் பெட்டை ஆடாக வாங்கி வாங்கிச் சேர்த்து, பதினாலாவது வருஷம் சொந்தமாக ஒரு மந்தை ஆக்கிவிட்டான். கூடவே விளிம்பு மேட்டில் நாற்பது ஏக்கர் வாங்கினான். அதில் ஒரு ஊற்று. பதினோரு மைலுக்கு வேறு சொட்டுத் தண்ணீர் கிடையாது. டட்டிலின் மாடுகளும் அங்கேதான் வந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் குடித்துக் கலக்கிவிட்டுப் போகும்.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. சர்க்கார் நிலத்தில் இனி கண்டபடி மேய்க்க முடியாது. தண்ணீரோடு சொந்த நிலம் வைத்திருக்கிறவனுக்குத்தான் மேய்ச்சல் சீட்டு. இல்லாதவன் மந்தையை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். சிரியாக்கோ விருந்து வைத்தான். ஊற்று அவனுடையதாயிற்றே! ஆனால் அவன் பத்திரத்தில் எழுதியிருந்தது என்ன? 'பதினேழாம் சதுரத்தில் வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால்.' அதாவது ஒரு சதுர மைலை நாலாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி நாலாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல வேலியும் இல்லை, கோடும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ நட்டுவிட்டுப் போன ஒரு மூலைக்கல்லிலிருந்து அளந்தால்தான் தெரியும்.

அளக்க ஆள் வந்தார். பெயர் விட்கம். பள்ளத்தாக்கு முழுவதையும் படமாக வரைய சர்க்கார் அனுப்பிய மனிதர். முக்காலி மேல் ஒரு மரப்பலகை, பலகை மேல் தாள், தாள் மேல் தூரநோக்கி. தூரத்தில் ஒருத்தன் கோடு போட்ட நீளக் கோலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அதைத் தூரநோக்கியில் பார்த்து தூரமும் உயரமும் கணக்குப் போட்டுப் புள்ளி வைப்பார். புள்ளிகளுக்கு நடுவே சம உயரக் கோடுகளைக் கண் பார்வையிலேயே இழுத்துவிடுவார். கோல் பிடிக்க அவர் கூட்டி வந்தவன் வாலைக் கிலுகிலுக்கும் முதல் பாம்பைப் பார்த்ததும் பஸ் ஏறிவிட்டான். அந்த வேலைக்கு என்னை வைத்துக்கொண்டார்.

விட்கமுக்கும் பாம்பு என்றால் உயிர் போகும். முழங்கால் வரை தகரம் சுற்றியிருப்பார். அவர் நடந்தால் பாத்திரக்கடை நடந்து வருவது போலிருக்கும். விளிம்பிலிருந்து அவர் ஒரு அடி கீழே இறங்கவில்லை. என்னைத்தான் இறக்கினார். அதுவும் கிழக்குப் பக்கம் மூன்று மைலுக்கு என்னையும் இறக்கவில்லை.

"அந்தப் பக்கம் வேணாம்ப்பா. இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது" என்றார்.

மழை பெய்த ஒரு மத்தியானம், கூடாரத்தில் காலை வெந்நீர்ச் சட்டியில் வைத்துக்கொண்டு அந்த மூன்று மைலையும் வரைந்து முடித்தார். பாறைக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்ததல்லவா, அது மரம் என்றார். மரம் இருந்தால் தண்ணீர் இருக்கத்தானே வேண்டும் என்று நீல மையில் அழகாக வளைத்து வளைத்து ஓர் ஓடையை ஓட விட்டார். நான் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தேன். அந்தக் கறுப்பு மரமில்லை, எரிமலைக் குழம்பு வழிந்த பாறை. சொல்லியிருக்கலாம். கோல் பிடிக்கிறவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லையே.

பிறகு மூலைக்கல்லைத் தேடினோம். பழைய குறிப்புப் புத்தகத்தை அவர் வாசித்தார். ஒன்றரை அடி உயரக் கல். தெற்கு ஓரத்தில் மூன்று வெட்டு, கிழக்கு ஓரத்தில் நாலு வெட்டு. அடியில் அடையாளத்துக்கு ஒரு படி கரி புதைத்திருக்கிறது. இரண்டு நாள் தேடி, கடைசியில் கல்லை நான்தான் பார்த்தேன். அது சிரியாக்கோ கட்டின கல் பாதிரியாருடைய முகமாக இருந்தது. அந்த வெட்டுகள்தான் பாதிரியாரின் பல்.

விட்கம் துள்ளிக் குதித்தார், தகரம் கடகடவென்றது. பாதிரியாரைப் பிரித்துப் போட்டு அடியில் தோண்டச் சொன்னார். கரி இல்லை.

"அம்பது வருஷமாச்சே, கரி கரைஞ்சிருக்கும்" என்றார்.

கரி கரையுமா? ஆனால் அவருக்கு அன்று சாயங்காலம் டட்டில் வீட்டில் மாட்டுக்கறி விருந்து. கல் இருக்கிற இடமே மூலை என்று புள்ளி வைத்து, அங்கிருந்து அளந்து சிரியாக்கோவின் நாற்பது ஏக்கருக்குக் கட்டம் போட்டார். ஊற்று கட்டத்துக்கு வெளியே விழுந்தது. அப்படி விழுந்தால் அது யாருக்கும் சொந்தமில்லாத ஊற்று. முதலில் மனு போடுகிறவனுக்கு. டட்டில் மனுவை எழுதியே வைத்திருப்பான்.

கழுதையை விரட்டிக்கொண்டு போய் சிரியாக்கோவிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தான். கை அப்படியே நின்றது.

"பாதிரியார் மூஞ்சி எங்கேர்ந்துடா எடுத்த?"

"எங்கேர்ந்தோ."

"சிரியாக்கோ!"

"இங்கேர்ந்துதான்" என்று கூடாரத்துக்கு வெளியே கையைக் காட்டினான். அங்கே இருந்தது அவனுடைய ரொட்டிக் குழி. "தனியா நட்டுக்கிட்டு நின்னுச்சுடா. பல்லு மாதிரியே இருந்துச்சு. புடுங்கினா, கீழ அழகா ஒரு குழி. யாரோ எனக்காகவே தோண்டி வெச்ச மாதிரி. சரின்னு கரியப் போட்டு அதுல ரொட்டி சுட ஆரம்பிச்சேன். பதினாலு வருஷமா சுடறேன். நீயும்தான் திங்கற."

"அது சர்க்கார் கல்லுடா, மடையா! அத நானூறு அடி தூக்கிட்டுப் போய் உன் ஊற்ற நீயே வெளிய தள்ளி வெச்சிருக்க!"

"அந்த மூஞ்சிய சித்தப்பாவுக்கு வெச்சிருந்தா ஊற்று உள்ளயே இருந்திருக்குமோ?"

அந்த நேரத்திலும் அப்படிக் கேட்டான். ஓங்கி ஒன்று கொடுக்கலாமா என்று இருந்தது. கல்லை நகர்த்தினவனுக்கு அபராதமும் ஜெயிலும் உண்டு என்று விட்கம் என்னிடம் முன்பே படித்துக் காட்டியிருந்தார். எங்களைப் போல் குடியுரிமை இல்லாதவனைக் கப்பலேற்றி அனுப்பியும்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் ஆள் போவான், சொல்லாவிட்டால் ஊற்று போகும். ஊற்று போனால் சீட்டு இல்லை, சீட்டு இல்லையென்றால் பதினாலு வருஷம் காற்றோடு பேசிச் சேர்த்த மந்தையை ஒரே நாளில் விற்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை சூடாக ஒரு ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு விட்கமின் கூடாரத்துக்கு வந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வாழ்க்கையில் அவன் பொய் கலக்காமல் சொன்ன முதல் கதை அதுவாகத்தான் இருக்கும். விட்கம் ரொட்டியைத் தின்றுகொண்டே கேட்டார். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத நான் மேல எழுதித்தான் ஆகணும். சட்டம் சட்டம்தான். உன் முழுப் பேர் என்ன, எழுத்து எழுத்தாச் சொல்லு."

சிரியாக்கோ பலகையில் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிக்க வராது, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அவன் கால் படாத கல் இல்லை. விரல் மெதுவாக நகர்ந்து கிழக்கே வந்து நின்றது.

"சார், இது என்ன சார் நீலமா?"

"ஓடை."

"ஓ. எப்ப சார் போய்ப் பாத்தீங்க?"

விட்கம் என்னைப் பார்த்தார். நான் கூடாரத் துணியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

"பதினாலு வருஷமா அங்க ஒரு முயலுக்குக் கூடத் தண்ணி இல்ல சார். மேல எழுதறப்போ அதையும் சேத்து எழுதுங்க. நான் வேணா எழுத்து எழுத்தாச் சொல்றேன்."

விட்கம் எழுந்து, தகரத்தை மாட்டிக்கொண்டு, அந்த ரொட்டிக் குழி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். போய்த் தோண்டினோம். குறிப்புப் புத்தகம் கேட்டது ஒரு படி கரி. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மூட்டை. அதோடு கருகிப்போன ஒரு ரொட்டித் துண்டு. அதை விட்கம் எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தூர எறிந்தார். 'மூலை கண்டுபிடிக்கப்பட்டது, கரி உறுதி' என்று புத்தகத்தில் எழுதினார். கல்லை நானும் சிரியாக்கோவும் தூக்கி வந்து நட்டோம். பல் தெற்கே பார்த்தபடி. ஊற்று கட்டத்துக்கு உள்ளே வந்தது, ஓடை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தன் வாயை இன்னொருத்தன் பூட்டி, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் மேய்ச்சல் குழு கூடியது, டவுனில் நாங்கள் பந்தடித்து விளையாடக் கட்டின சுவருக்கு முன்னால் பெஞ்சு போட்டு. குழுவில் ஆறு பேர். ஐந்து மாட்டுக்காரர், ஒரு ஆட்டுக்காரர். நியாயம் வேண்டுமே, அதற்காக அந்த ஒருத்தர். அச்சான படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விளக்கம் சொல்ல விட்கம் புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார். ஊற்று சிரியாக்கோவுக்கு என்பதில் ஒரு தகராறும் வரவில்லை. நான் மூச்சு விட்டேன். அப்போது டட்டில் எழுந்து படத்தருகே போய்க் கிழக்கு மூலையில் சாட்டையை வைத்தான்.

"எனக்கும் தண்ணி இருக்கு. இதோ, என் நிலத்துக்குள்ளாறதான் இந்த ஓடை வருது. வருஷம் பூராத் தண்ணி. மேட்டுல பாதி மேய்ச்சல் எனக்கு வேணும்."

அவன் நிலத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? படம் சொல்கிறது, சர்க்கார் முத்திரை இருக்கிறது, யார் என்ன கேட்க முடியும் என்ற தைரியம். சீட்டை வாங்கிவிட்டால் மாடுகள் வழக்கம்போல சிரியாக்கோவின் ஊற்றுக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பக்கம் அதிகமா சுத்தினது நீதான். உன் பேரு என்னமோ... சரி, நீ சொல்லு. அங்க ஓடை இருக்கா?"

எல்லோரும் சிரியாக்கோவைத் திரும்பிப் பார்த்தார்கள். விட்கம் தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் டட்டிலுக்கு ஒன்றும் கிடையாது, மேடு முழுவதும் இவனுக்கு. ஆனால் விட்கமின் வேலை போகும், அவர் வாய் திறக்கும், கல் கதை வெளியே வரும், இவன் கப்பலில் போவான். பெருமை பேசியே வளர்ந்தவன், இப்போது எதையாவது உளறி வைக்கப் போகிறான் என்று பயந்தேன்.

"இருக்குங்க" என்றான் சிரியாக்கோ. "அருமையான ஓடை. ஐஸ் மாதிரி தண்ணி. என் ஊற்றெல்லாம் அதுக்குக் கிட்ட வராதுங்க."

டட்டிலே வாயைப் பிளந்து நின்றான்.

"பாதி மேய்ச்சல் அவருக்குத் தாராளமாக் கொடுங்க. ஒண்ணே ஒண்ணு. அவ்வளவு நல்ல தண்ணிய வெச்சுக்கிட்டு, அவர் மாடு எதுக்கு என் கலங்கத் தண்ணிக்கு வரணும்? அவரவர் மாடு அவரவர் தண்ணியக் குடிக்கட்டும்னு சீட்டுலயே எழுதிடுங்க. நான் ஊற்றச் சுத்தி வேலி போட்டுக்கறேன்."

தலைவர் அது நியாயம்தானே என்றார். டட்டிலைப் பார்த்து, உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். என்ன ஆட்சேபணை சொல்வான்? ஓடையில் தண்ணீர் இல்லை என்றா? அவன் கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேனா தாளைக் கிழித்தது. விட்கம் அன்று மத்தியானமே ஊரை விட்டுப் போனார். போகும்போது சிரியாக்கோவிடம் ஒரு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் வானம் கைவிட்டது. வேலிக்கு வெளியே டட்டிலின் இருநூறு மாடுகள் நின்று கத்தின. மாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கேட்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்த தண்ணீருக்கு ஓட்டிப்போவதென்றால் வெயிலில் பதினாலு மைல், பாதி வழியில் விழுந்துவிடும். டட்டில் குதிரையிலிருந்து இறங்கி வந்தான். நான் கழுதையிலிருந்து மாவை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏ ஆட்டுக்காரா, கதவத் தொற."

சிரியாக்கோ கூடாரத்துக்குள் போய்ப் படத்தை எடுத்து வந்து வேலிக் கட்டை மேல் விரித்தான். "உங்க ஓடை இங்க இருக்கே சார். வழி தெரியலயா? காட்டவா?"

"வெளையாடாத. மாடு சாகுது."

"மாடு சாகக் கூடாது" என்றான் சிரியாக்கோ. படத்தை மடித்தான். "கதவத் தொறக்கறேன். காசு வேணாம். பதினஞ்சு வருஷமா எதுத்தாப்புல இருக்கேன், என் பேர ஒருவாட்டி சொல்லிக் கேளுங்க. முழுசா."

டட்டிலின் முகம் செங்கல் நிறமானது. அவனுக்குப் பெயர் தெரியாது. என்னைப் பார்த்தான். பாவமாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டான். இரண்டாம் தடவை நடுவில் ஒரு துண்டு காணோம். சிரியாக்கோ தாழ்ப்பாள் மேல் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். மாடுகள் கத்தின. மூன்றாம் தடவை தொப்பியைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்று, "சிரியாக்கோ உருத்திகோச்சேயா, கதவத் தொறங்க" என்றான்.

திறந்தான். கல்லைத் திருப்பி நட்டபோது சிரித்தவன், குழுவுக்கு முன்னால் கண் சிமிட்டாமல் புளுகியவன், மாடுகள் உள்ளே போகப் போக முகத்தை மந்தைப் பக்கம் திருப்பிக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான்.

தினம் தண்ணீர் வேண்டுமே. ஆளை அனுப்பினால் கதவு திறக்காது, டட்டிலே வர வேண்டும். மழை வரும் வரை நாற்பத்தொரு நாள் வந்தான், நாற்பத்தொரு தடவை சொன்னான். போன செவ்வாய்க்கிழமை கல்லறையில் சிரியாக்கோவின் பெயரை வாசித்த புதுப் பாதிரியார் நடுவில் தடுக்கி நின்றுவிட்டார். கூட்டத்தின் கடைசியில் கைத்தடியோடு நின்ற கிழவன் டட்டில்தான் அதை முழுசாக, பிசகில்லாமல் சொல்லிக் கொடுத்தான்.